அமெரிக்காவில் வாழும் மூத்தோருக்கு: வரிக் கணக்குத் தாக்கலும் திரும்பி வர வேண்டிய பணமும்

நூலகங்களிலும் மூத்தோர் மையங்களிலும் பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி வரை இயங்கும் இலவச வரி உதவி மேசைகளில் தன்னார்வலராகச் சில ஆண்டுகள் அமர்ந்திருக்கிறேன். அங்கே வரும் நம் பெரியவர்களில் பலர் தாமாக வருவதில்லை; மகனோ மகளோ அழைத்து வந்திருப்பார்கள். உட்கார்ந்தவுடன் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எனக்குத்தான் வரியே கிடையாதே, நான் எதற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும்?" என்பதாகவே இருக்கும். அந்தக் கேள்வியில் பாதி சரி. கணக்குத் தாக்கல் செய்யும் கட்டாயம் அவர்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் தாக்கல் செய்யக் கட்டாயமில்லை என்பதும், தாக்கல் செய்தால் பணம் எதுவும் வராது என்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் மூத்தோர் பலர் தமக்கு உரிய பணத்தை அரசிடமே விட்டுவிடுகிறார்கள்.

முதல்முறையாகக் கணக்குக் கொடுக்கப் போகும் பெரியவர்களுக்காகவும், அவர்களுக்குத் துணைபோகும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். இதில் வரும் தொகைகள் 2025 வரியாண்டுக்கு உரியவை. அந்தக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 2026 ஏப்ரல் 15.

முதல் படி: கட்டாயம் உண்டா, பயன் உண்டா?

ஆண்டு முடிவில் 65 வயது நிறைந்த, தனி நபராகத் தாக்கல் செய்யும் ஒருவருக்கு மொத்த வருமானம் 17,750 டாலருக்குக் குறைவாக இருந்தால் பொதுவாகக் கணக்குக் கொடுக்கும் கட்டாயம் இல்லை. கணவன் மனைவி இருவரும் 65-ஐக் கடந்து, கூட்டாகத் தாக்கல் செய்தால் அந்த எல்லை 34,700 டாலர். வயதைக் கணக்கிடுவதில் ஒரு சிறு விந்தை உண்டு. 65-ஆவது பிறந்த நாளுக்கு முந்தைய நாளிலேயே 65 வயது நிறைந்ததாக வரித்துறை எடுத்துக்கொள்வதால், 1961 ஜனவரி 1 அன்று பிறந்தவரும் 2025-க்கான கணக்கில் மூத்தவராகவே கருதப்படுவார்.

ஓய்வு பெற்றவர்களுக்கு அரசு மாதந்தோறும் தரும் சோஷியல் செக்யூரிட்டித் தொகையில் வரிக்கு உட்படாத பகுதி இந்த எல்லைக்குள் எண்ணப்படாது. அந்தத் தொகைக்கு வரி உண்டா என்று பார்க்கும் முறை இது: மற்ற வருமானம் எல்லாவற்றையும் கூட்டுங்கள், வரிவிலக்குப் பெற்ற வட்டி இருந்தால் அதையும் சேருங்கள், அதனுடன் ஆண்டு முழுவதும் வந்த சோஷியல் செக்யூரிட்டித் தொகையில் பாதியைச் சேருங்கள். தனி நபருக்கு இந்தக் கூட்டுத்தொகை 25,000 டாலரையும், கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு 32,000 டாலரையும் தாண்டாவிட்டால் அத்தொகைக்கு வரியே இல்லை. தாண்டினால் ஒரு பகுதிக்கு வரி உண்டு. எவ்வளவு உயர்ந்தாலும் அந்தப் பகுதி 85 விழுக்காட்டைக் கடக்காது. இந்த 25,000, 32,000 என்ற எல்லைகள் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வைக்கப்பட்டவை. விலைவாசி எவ்வளவோ ஏறிய பிறகும் அவை மாற்றப்படாமல் இருப்பது மூத்தோருக்குச் செய்யப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். இருவரும் 65-ஐக் கடந்தவர்கள். சோஷியல் செக்யூரிட்டி 30,000 டாலர், கணவரின் ஓய்வூதியம் 20,000 டாலர், வங்கி வட்டி 2,000 டாலர். மேற்சொன்ன கணக்கின்படி 20,000, 2,000, 15,000 ஆகியவற்றைக் கூட்டினால் 37,000 வருகிறது. அது 32,000-ஐ 5,000 தாண்டுகிறது. அதில் பாதியான 2,500 டாலர் மட்டுமே வரிக்கு உட்படும். ஆக, அவர்களின் வரிக்குரிய மொத்த வருமானம் 24,500 டாலர். எல்லை 34,700 என்பதால் கட்டாயம் இல்லை. ஆனால் ஓய்வூதியம் வழங்கிய நிறுவனம் ஆண்டு முழுவதும் மாதந்தோறும் 150 டாலர் வரிப்பிடித்தம் செய்திருந்தால், 1,800 டாலர் கூட்டாட்சி வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடம் கிடக்கிறது. அது முழுவதும் அவர்களுடைய பணம். கணக்குத் தாக்கல் செய்தால் மட்டுமே அது திரும்பி வரும். அவர்கள் கேட்காமல் யாரும் அனுப்பி வைக்க மாட்டார்கள். பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் கேட்டாக வேண்டும். அதன் பிறகு அந்தப் பணம் அரசுக்கே சென்றுவிடும்.

எனவே எல்லையைப் பார்ப்பதற்கு முன் பிடித்தத்தைப் பாருங்கள். பகுதிநேர வேலைக்குரிய டபிள்யூ-2 படிவத்தில் 2-ஆம் பெட்டி, ஓய்வூதியத்துக்குரிய 1099-ஆர் படிவத்தில் 4-ஆம் பெட்டி, சோஷியல் செக்யூரிட்டிக்குரிய எஸ்எஸ்ஏ-1099 படிவத்தில் 6-ஆம் பெட்டி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் தொகை இருந்தால், கணக்குக் கொடுப்பதே நல்லது.

வருமானம் குறைவாக இருந்தாலும் கட்டாயம் வரும் சூழல்கள் சில உண்டு. சுயதொழிலில் நிகர வருமானம் 400 டாலரை எட்டியிருந்தால் தாக்கல் செய்தாக வேண்டும். குடியேறிய தொடக்க ஆண்டுகளில், மூத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடைக்காமல், அரசுச் சந்தையில் மானியத்துடன் மருத்துவக் காப்பீடு வாங்கியவர்களுக்கு 1095-ஏ என்ற படிவம் வரும். மானியத்தை முன்கூட்டிப் பெற்றவர்கள் 8962 படிவத்துடன் கணக்குக் கொடுத்தே ஆக வேண்டும். இதைத் தவறவிட்டால் பின்னர் மானியம் நின்றுபோகக்கூடும். மாதக் கட்டணம் திடீரெனப் பல மடங்காக உயர்ந்ததைக் கண்டு திகைத்துப் போன பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: காகிதங்களைச் சேர்த்தல்

ஜனவரி பிறந்ததும் ஒரு பெரிய உறையை எடுத்து, வரி தொடர்பாக வரும் எந்தக் கடிதத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டு அதில் போட்டு வையுங்கள். எஸ்எஸ்ஏ-1099 ஜனவரி மாதத்தில் அஞ்சலில் வரும். தொலைந்துவிட்டால் சோஷியல் செக்யூரிட்டி இணையக் கணக்கிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். வங்கி வட்டிக்கு 1099-ஐஎன்டி, பங்கு ஈவுத்தொகைக்கு 1099-டிஐவி வரும். இவற்றின் நகல் ஐஆர்எஸ்ஸுக்கும் சென்றுவிடுவதால், சிறு தொகைதானே என்று ஒன்றை விட்டுவிட்டால்கூடப் பின்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

இவற்றோடு புகைப்பட அடையாள அட்டை, கணவன் மனைவி இருவரின் சோஷியல் செக்யூரிட்டி அட்டைகள், முந்தைய ஆண்டின் வரிக் கணக்கு நகல், வங்கிக் கணக்கு எண்ணும் ரவுட்டிங் எண்ணும் அச்சிட்ட காசோலை ஆகியவை வேண்டும். ரீஃபண்ட், அதாவது திரும்பி வரும் பணம், வர வேண்டிய கணக்கு உங்கள் பெயரிலோ துணைவர் பெயரிலோ இருவர் பெயரிலுமோ இருக்க வேண்டும். மகனின் கணக்கு எண்ணைக் கொடுப்பது நம் குடும்பங்களில் வழக்கம். பெயர் பொருந்தாததால் வங்கி அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பினால் பல வாரங்கள் தாமதமாகும். காகிதக் காசோலை அனுப்புவதை 2025 செப்டம்பர் 30 முதல் ஐஆர்எஸ் படிப்படியாக நிறுத்தி வருவதால், சொந்தப் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இல்லாத பெரியவர்கள் இப்போதே ஒன்றைத் தொடங்கிக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: இலவச உதவியைத் தேடிச் செல்லுதல்

அறுபது வயதைக் கடந்தவர்களுக்கென்றே, டிசிஇ எனப்படும் முதியோர் வரி ஆலோசனைத் திட்டம் இருக்கிறது. 1978-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்ட இத்திட்டத்தில், ஓய்வூதியம், சோஷியல் செக்யூரிட்டி போன்ற மூத்தோருக்குரிய கேள்விகளில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இலவசமாகக் கணக்கு எழுதித் தருகிறார்கள். இந்த மேசைகளில் பெரும்பாலானவற்றை, மூத்தோர் அமைப்பான ஏஏஆர்பியின் அறக்கட்டளை டேக்ஸ்-எய்டு என்ற பெயரில் நடத்துகிறது. அதற்கு ஏஏஆர்பி உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. வீட்டா என்ற மற்றொரு திட்டம் வருமானம் குறைந்த எல்லா வயதினருக்கும் உதவுகிறது. அருகிலுள்ள மேசை எங்கே என்று அறிய 800-906-9887 என்ற ஐஆர்எஸ் எண்ணிலோ, டேக்ஸ்-எய்டுக்கு 888-227-7669 என்ற எண்ணிலோ கேட்கலாம். மார்ச் மாதத்தில் இடம் கிடைப்பது அரிது என்பதால் ஜனவரியிலேயே முன்பதிவு செய்துவிடுங்கள்.

மேசைக்குப் போனதும் 13614-சி என்ற கேள்விப் படிவத்தை நிரப்பச் சொல்வார்கள்.  தெரியாததை "இல்லை" என்று விட்டுவிடுவதுதான் தவறுகளுக்கெல்லாம் வேர். தெரியவில்லை என்றே சொல்லுங்கள், தன்னார்வலர் கேட்டுத் தெளிவுபடுத்துவார். கூட்டுக் கணக்கில் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பதால் இருவரும் வர வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் பிள்ளையை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விடை உங்களுடையதாக இருக்கட்டும். அப்பாவின் வங்கியில் என்ன வட்டி வந்தது என்று மகனுக்குத் தெரிந்திருக்காது. அம்மாவின் பெயரில் ஒரு வைப்பு நிதி இருப்பது அப்பாவுக்கே நினைவில்லாமல் போன நாட்களும் உண்டு.

எழுதி முடித்ததும் வேறொரு தன்னார்வலர் அதை உங்கள் முன்னிலையில் சரிபார்ப்பார். அந்த நேரத்தில் பெயரின் எழுத்துக்கள் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே இருக்கின்றனவா, வங்கி எண் சரியா என்ற இரண்டையும் நீங்களே விரல் வைத்துப் பாருங்கள். முதற்பெயர், கடைசிப் பெயர் இடம் மாறிப் போவது தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொண்ட நம்மவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது. கணக்கின் நகல் இல்லாமல் எழுந்து வராதீர்கள்.

கட்டணம் வாங்கும் ஒருவரிடம் போக நேர்ந்தால், அவர் ஐஆர்எஸ் வழங்கிய பிடிஐஎன் எண்ணுடன் கணக்கில் கையெழுத்திட்டாக வேண்டும். கையெழுத்திட மறுப்பவரையும், ரீஃபண்டில் இத்தனை விழுக்காடு தனக்கு என்று பேசுபவரையும், வெற்றுப் படிவத்தில் உங்கள் கையெழுத்தைக் கேட்பவரையும் விட்டு உடனே விலகிவிடுங்கள். கணக்கில் என்ன பொய் இருந்தாலும் சட்டத்தின் முன் அதற்குப் பொறுப்பு உங்களுடையது.

கழிவும் கிரெடிட்டும்

இந்த இரண்டு சொற்களையும் பிரித்தறிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கழிவு என்பது வரி கணக்கிடப்படும் வருமானத்தைக் குறைப்பது. கிரெடிட் என்பது வரியையே குறைப்பது. கிரெடிட்டிலும் இரு வகை உண்டு: வரி பூஜ்யமானதும் நின்றுவிடுவது ஒன்று, வரி பூஜ்யமான பிறகும் மீதியைக் கையில் கொடுப்பது மற்றொன்று.

மூத்தோருக்குக் கைகொடுப்பவை பெரும்பாலும் கழிவுகளே. 2025-இல் தனி நபருக்கு நிலையான கழிவு 15,750 டாலர். 65-ஐக் கடந்தால் கூடுதலாக 2,000. தம்பதிக்கு 31,500; 65-ஐக் கடந்த ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 1,600. இதற்கு மேல், 2025 முதல் 2028 வரை மட்டும் நடைமுறையில் இருக்கும் புதிய மூத்தோர் கழிவு ஆளுக்கு 6,000 டாலர். தனி நபரின் வருமானம் 75,000 டாலரையும், தம்பதியின் வருமானம் 150,000 டாலரையும் தாண்டினால் இது சிறிது சிறிதாகக் குறைந்து, 175,000-இலும் 250,000-இலும் முற்றிலும் நின்றுவிடும். இதைப் பெறச் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். அது இல்லாதவர்களுக்கு ஐஆர்எஸ் தரும் ஐடிஐஎன் எண் போதாது. மணமானவர்கள் கூட்டாகத்தான் தாக்கல் செய்ய வேண்டும். சோஷியல் செக்யூரிட்டிக்கு இனி வரியே இல்லை என்று புதிய சட்டம் சொல்வதாக வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி சரியல்ல. அத்தொகைக்கு வரி போடும் பழைய முறை அப்படியே இருக்கிறது. இந்த 6,000 டாலர் கழிவு சேர்வதால் பலருக்கு வரி பூஜ்யமாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

ஷெட்யூல் ஆர் என்ற இணைப்புப் படிவம் வழியாகப் பெறும் முதியோர், மாற்றுத்திறனாளர் கிரெடிட் என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டு எல்லோரும் ஆர்வத்துடன் விசாரிப்பார்கள். அதைப் பெறத் தனி நபரின் வருமானம் 17,500 டாலருக்கும், இருவரும் தகுதி பெற்ற தம்பதியின் வருமானம் 25,000 டாலருக்கும் குறைவாக இருக்க வேண்டும். அந்த எல்லைகளுக்குள் இருக்கும் 65-ஐக் கடந்தவருக்கு நிலையான கழிவுக்குப் பிறகு வரியே இருக்காது. வரி இல்லாத இடத்தில் குறைப்பதற்கும் எதுவும் இல்லை. எனவே, இந்தக் கிரெடிட்டை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

வேலை செய்து குறைந்த வருமானம் ஈட்டுவோருக்கான உழைப்பு வருமானக் கிரெடிட் கையில் பணமாகவே வரக்கூடியது. பிள்ளை இல்லாத கணக்கில் இதற்கு 25 முதல் 64 வரை வயது வேண்டும். ஆனால் கூட்டுக் கணக்கில் ஒருவர் அந்த வயதுக்குள் இருந்தாலே போதும். மனைவி 61 வயதில் பகுதிநேர வேலைக்குப் போய்க்கொண்டிருந்தால், கணவருக்கு 67 ஆனது தடையல்ல. பேரக்குழந்தையைத் தாமே வளர்க்கும் தாத்தா பாட்டிக்கு வயது எல்லையே இல்லை. பெற்றோரும் அதே வீட்டில் இருந்தால் மட்டும் உரிமை பொதுவாகப் பெற்றோருக்கே போகும்.

துணைவரை இழந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மறைவு நேர்ந்த ஆண்டுக்கு, மறுமணம் செய்யாதவர் கூட்டுக் கணக்காகவே தாக்கல் செய்யலாம். கழிவும் தம்பதிக்கு உரியதே கிடைக்கும். துக்கத்தில் இதைக் கவனிக்காமல் தனி நபராகத் தாக்கல் செய்துவிட்டவர்களுக்கு, 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தக் கணக்குக் கொடுத்து மீதியைப் பெற வழி இருக்கிறது.

பிள்ளைகளுக்கும் ஒன்று. பெற்றோரின் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்று, அவர்களுடைய வரிக்குரிய வருமானம் 5,200 டாலருக்குக் குறைவாக இருந்தால், உங்கள் கணக்கில் அவர்களைச் சார்ந்திருப்பவர்களாகக் காட்டி ஆளுக்கு 500 டாலர் கிரெடிட் பெறலாம். அவர்கள் தம் பிடித்தத்தைத் திரும்பப் பெறத் தனிக் கணக்குக் கொடுப்பதை இது தடுக்காது. அந்தக் கணக்கில் தாம் வேறொருவரைச் சார்ந்திருப்பதைக் குறிப்பிட வேண்டும்.

இந்தியாவில் இருக்கும் பணம்

நம்மவர்கள் அதிகம் தவறும் இடம் இதுதான். கிரீன் கார்டு பெற்றவர் உலகில் எங்கே ஈட்டிய வருமானத்தையும் அமெரிக்கக் கணக்கில் காட்ட வேண்டும். இந்திய வைப்பு நிதி வட்டி, வீட்டு வாடகை, ஓய்வூதியம் எல்லாம் அதில் அடங்கும். வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் இந்திய வங்கியில் வைக்கும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பது இங்கே செல்லாது. இங்கே அது வரிக்குரிய வருமானம்தான். "அங்கேயே வரி கட்டிவிட்டோமே" என்பவர்களுக்கு, அங்கே செலுத்திய வரியை 1116 படிவத்தின் மூலம் இங்குள்ள வரியில் கழித்துக்கொள்ளும் வழி உண்டு. வருமானத்தைக் காட்டாமல் விடும் வழி இல்லை. இந்தியாவின் ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அமெரிக்காவின் ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. வங்கியிடம் வட்டிச் சான்று கேட்கும்போது இந்த மாதங்களைச் சொல்லிக் கேளுங்கள்.

வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாவற்றிலும் சேர்த்து ஆண்டின் ஏதாவது ஒரு நாளில் 10,000 டாலருக்கு மேல் இருந்திருந்தால், எஃப்பிஏஆர் என்ற அறிக்கையைத் தனியாக இணையத்தில், கருவூலத் துறையின் பிரிவான ஃபின்சென் தளத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இதற்கு வரி எதுவும் கிடையாது, வெறும் தகவல்தான். ஆனால் விட்டுவிட்டால் அபராதம் மிகக் கடுமையானது. கூட்டுக் கணக்குகளும் நிரந்தர வைப்புகளும் இதில் சேரும். தொகை இன்னும் பெரிதானால் 8938 படிவமும் தேவைப்படலாம்.

இந்தியாவில் வாடகை வருமானமோ பரஸ்பர நிதி முதலீடோ உள்ளவர்களின் கணக்கையும், ஆண்டின் நடுவில் கிரீன் கார்டுடன் வந்து இறங்கியவர்களின் முதல் ஆண்டுக் கணக்கையும் தன்னார்வலர்கள் எழுத இயலாது. அவர்களுக்கு வகுக்கப்பட்ட வரம்பு அப்படி. இந்த வகைக் கணக்குகளுக்கு மட்டும், இந்திய வருமானத்தில் பழக்கமுள்ள சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) அல்லது என்ரோல்டு ஏஜென்ட் (ஐஆர்எஸ் அனுமதி பெற்ற வரி வல்லுநர்) ஒருவருக்குக் கட்டணம் கொடுப்பது தகும்.

தாக்கல் செய்த பிறகு

மின்னணு முறையில் அனுப்பினால் 24 மணி நேரத்துக்குப் பிறகு, ஐஆர்எஸ் தளத்தில் "வேர்ஸ் மை ரீஃபண்ட்" பக்கத்தில் நிலையைப் பார்க்கலாம். உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண், தாக்கல் செய்த வகை (தனி நபரா, கூட்டா என்பது), வர வேண்டிய தொகை ஆகிய மூன்றும் வேண்டும். தொகையை டாலர் பிசகாமல் தர வேண்டும். இணையம் பழகாதவர்கள் 800-829-1954 என்ற எண்ணில் கேட்கலாம். பெரும்பாலான ரீஃபண்டுகள் 21 நாட்களுக்குள் வந்துவிடும். காகிதத்தில் அனுப்பினால் ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும். உழைப்பு வருமானக் கிரெடிட் கேட்டவர்களுக்குப் பிப்ரவரி நடுப்பகுதிக்கு முன் பணத்தை விடுவிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

ரீஃபண்டுக்குப் பதில் ஒவ்வோர் ஆண்டும் வரி கட்ட நேர்கிறவர்கள், டபிள்யூ-4வி படிவத்தைக் கொடுத்துச் சோஷியல் செக்யூரிட்டித் தொகையிலேயே 7, 10, 12, 22 விழுக்காடுகளில் ஒன்றைப் பிடிக்கச் சொல்லலாம். ஏப்ரல் 15-க்குள் கணக்கை முடிக்க முடியாவிட்டால் 4868 படிவத்தால் அக்டோபர் 15 வரை அவகாசம் கிடைக்கும். அது கணக்குக் கொடுக்கத்தான். கட்ட வேண்டிய வரியை ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும்.

கூட்டாட்சி வரியோடு வேலை முடிந்துவிடுவதில்லை. டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் மாநில வருமான வரியே இல்லை. ஆனால் பென்சில்வேனியாவில் மூத்தோருக்குச் சொத்து வரியிலும் வாடகையிலும் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டமும், நியூஜெர்சியில் மூத்தோரின் சொத்து வரி உயர்வை ஈடுசெய்யும் திட்டமும் உள்ளன. இவற்றுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் மாநிலத்தில் என்ன இருக்கிறது என்று அதே மேசையில் கேட்டுவிடுங்கள்.

ஐஆர்எஸ் உங்களை முதலில் தொடர்புகொள்வது பெரும்பாலும் அஞ்சல் கடிதம் மூலமாகத்தான். தொலைபேசியில் அழைத்துக் கைது செய்வோம் என்று மிரட்டுபவரும், பரிசு அட்டை வாங்கி அதன் எண்ணைச் சொல்லுமாறு கேட்பவரும் மோசடிக்காரர்களே. பேச்சு வளர்க்காமல் இணைப்பைத் துண்டியுங்கள். ஆறு இலக்க அடையாளப் பாதுகாப்பு எண்ணை ஐஆர்எஸ்ஸிடம் கேட்டுப் பெற்றுக்கொண்டால், உங்கள் பெயரில் வேறொருவர் கணக்குத் தாக்கல் செய்து பணத்தை எடுத்துப் போக முடியாது.

உண்மையான கடிதம் வந்தால் அஞ்சி அதை இழுப்பறைக்குள் வைத்துவிடாதீர்கள். 5071சி என்ற எண்ணுள்ள கடிதம் உங்கள் அடையாளத்தை உறுதிப்படுத்தச் சொல்கிறது. நீங்கள் உறுதிப்படுத்தும் வரை ரீஃபண்ட் அங்கேயே நிற்கும். ஓர் அம்மாவின் ரீஃபண்ட் எட்டு மாதங்களாக வரவில்லை என்று தேடியபோது, அந்தக் கடிதம் பிரிக்கப்படாமலே பூஜை அலமாரியில் பத்திரமாக இருந்தது. கடிதத்தில் எந்த நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்று பார்த்து, அதையும் உங்கள் கணக்கின் நகலையும் எடுத்துக்கொண்டு கணக்கு எழுதித் தந்த மேசைக்கே செல்லுங்கள். ஏப்ரலுக்குப் பிறகு மேசை மூடியிருந்து, ஐஆர்எஸ்ஸிடம் நேரில் முயன்றும் வழி பிறக்காவிட்டால், அத்துறைக்குள்ளேயே வரி செலுத்துவோர் பக்கம் நின்று பேசும் டேக்ஸ்பேயர் அட்வகேட் சேவையை 877-777-4778 என்ற எண்ணில் அழைக்கலாம். அதற்கும் கட்டணம் இல்லை.